ஒரு பசு எத்தனை ஆடுகளுக்குச் சமம்?

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாலையில் சென்றால், லாரிகளுக்கு நடுவே சாலையோரப் புல்லைக் கடித்தபடி வீடு திரும்பும் மாடுகளைக் காணலாம். இவற்றை வளர்ப்போர் பலருக்குச் சொந்த மேய்ச்சல் நிலம் இல்லை. ஏரிக்கரையும் புறம்போக்கும்தான் ஆதாரம். வெள்ளம் வந்தால் இவர்களுக்கு அரசு எப்படி உதவுகிறது? இதை ஒரு சிறு கணக்காகப் பார்ப்போம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் காஞ்சிபுரம் உள்ளிட்ட நான்கு மாவட்டங்களைத் தாக்கியது. அப்போது தமிழக அரசு, இறந்த பசுவுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. முன்னதை பின்னதால் வகுத்துப் பாருங்கள். நிவாரணக் கணக்கில் ஒரு பசு ஏறத்தாழ ஒன்பது ஆடுகளுக்குச் சமம்.

இனி வயிற்றைக் கொண்டு அளப்போம். பசுவின் நிறை 400 கிலோ, ஆட்டின் நிறை 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பசு 16 மடங்கு கனமானது. அப்படியானால் 16 மடங்கு தின்னுமா? தின்னாது! சிறிய உடலுக்கு, அதன் நிறையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். எனவே வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. இது ஒரு காரணம். பல விலங்குகளின் அளவீடுகளை ஒப்பிட்ட மாக்ஸ் கிளைபர் என்ற அறிஞர் 1932இல் ஒரு விதியைக் கண்டார். ஆற்றல் தேவை, நிறையின் முக்கால் அடுக்கில் உயர்கிறது என்பதே அது. 16இன் வர்க்கமூலம் 4. அதன் வர்க்கமூலம் 2. இரண்டின் மும்மடி 8. ஆக, ஒரு பசு எட்டு ஆடுகள் தின்பதைத் தின்னும். நிவாரணக் கணக்கு இதற்கு அருகில்தான் இருக்கிறது.

ஆனால் விடுபட்ட ஒன்று உண்டு. அது புல்!

2022–26 காலத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதிகளில், முகாமில் பராமரிக்கப்படும் ஒரு பெரிய கால்நடைக்குத் தீவனம், நீர், மருந்து உட்பட நாளொன்றுக்கு 80 ரூபாய் குறிக்கப்பட்டது. ஓராண்டுக்கு இது 29,200 ரூபாய். மாட்டின் தேவையில் பாதிதான் மேய்ச்சலில் கிடைக்கிறது என்று கொண்டாலும் 14,600 ரூபாய். மூன்று ஆண்டுகளில் 43,800 ரூபாய். அதாவது, மேய்ச்சல் வெளியை இழந்தவர் மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு பசுவின் நிவாரணத் தொகைக்கு மேல் இழக்கிறார். பசு செத்தால் கணக்கில் வரும். பொது நிலத்துப் புல் அழுகிப்போனாலோ, அந்த நிலம் கட்டடமாக மாறினாலோ, அங்கே மேய்த்தவரின் இழப்பு கணக்கில் வருவதில்லை. பட்டா அவர் பெயரில் இல்லையே!

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அரசு நிலத்தில் மேய்ப்பதற்கு ஓர் அலகே வைத்திருக்கிறார்கள். ஒரு பசுவும் கன்றும், அல்லது ஐந்து செம்மறிகள், ஒரு மாதம் தின்னும் புல்தான் அந்த அலகு. 2025இல் அதற்குக் கட்டணம் 1.35 டாலர். இது மிகக் குறைவு, பொதுமக்கள் பணம் வீணாகிறது என்று அங்கே குறை கூறுவோர் உண்டு. எனினும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கால்நடை சாகாவிட்டாலும், வறட்சியால் மேய்ச்சல் குன்றினால் உதவி கிடைக்கிறது. புல்லுக்கு ஓர் அலகு இருப்பதால், அதன் இழப்பையும் அளக்க முடிகிறது.

இயற்பியலின் முதல் பாடம் இதுதான்: எதை அளக்கிறோமோ அதுவே கண்ணுக்குத் தெரியும்.

செய்து பாருங்கள்: உங்கள் தெருவில் உள்ள மாடுகளையும் ஆடுகளையும் எண்ணுங்கள். எட்டு ஆடுகளை ஒரு மாடாகக் கொள்ளுங்கள். மாட்டுக்கு நாளொன்றுக்கு 10 கிலோ உலர்தீவனம் என்று கணக்கிடுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம், ‘அ’ பதிவேட்டில் உங்கள் ஊரின் மேய்க்கால் புறம்போக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.