ஒட்டிய எலும்பும் ஓடிய கால்களும்



சென்ற ஆண்டு நம் சங்கத்தார் நடத்திய உதவி ஓட்டத்தில் நானும் ஒருவன். அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்புதான் என் வலக்கால் முறிந்திருந்தது. "முறிந்த காலைக்கொண்டு எப்படி ஓடினாய்?" என்று விடுதியில் பலர் கேட்டனர். விலங்கியல் பயில்கின்றவன் ஆதலின், அதற்கு விடை கூறும் கடமை எனக்கு உண்டு. உடைந்த எலும்பு எவ்வாறு ஒட்டுகின்றது? ஒட்டியபின் உடலை எவ்வாறு பழக்குவது? பிறர்க்காக ஓடுகின்றேன் என்பவன் முதலில் யாரைக் கேட்க வேண்டும்? இம் மூன்று வினாக்களுள் முதல் இரண்டுக்கும் நூல்கள் விடை தந்தன. மூன்றாவதை எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் கற்பித்தார்.

முறிவு

தேயிலைத் தோட்டத்து வேலைக்காகப் பாட்டனார் காலத்தில் மலையேறியது எங்கள் குடும்பம். இடுக்கியில் பிறந்து, வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி வளர்ந்தவன் நான். விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, தேவிகுளம் பக்கத்து மலைச்சாலையில் மழை இரவில் நாங்கள் சென்ற ஜீப் கவிழ்ந்தது. முழங்காலுக்குக் கீழேயுள்ள இரண்டு எலும்புகளும் முறிந்தன. போடிமெட்டு வழியாக மலையிறங்கி, விடியுமுன் தேனிக்குக் கொண்டுசென்றனர். எலும்பின் உட்குழலில் நீண்ட உலோகக் கம்பியைச் செலுத்தி, முறிந்த துண்டுகளை நேராக்கி நிறுத்தினர்.

எலும்பு ஒட்டும் விதம்

கம்பியே எலும்பை ஒட்டவைக்கின்றது என்று பலர் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணினேன். கம்பி துண்டுகளை அசையாமல் தாங்குமே அன்றி ஒட்டாது. ஒட்டும் வேலை உடலின் வேலை.

முறிந்த இடத்தில் முதலில் குருதி கசிந்து உறைகின்றது. வீக்கமும் சூடும் தோன்றுகின்றன. நாம் துன்பம் என்று கருதும் இவ்வீக்கமே பழுதுபார்க்கும் உயிரணுக்களை அங்கே வரவழைக்கும் அழைப்பு. இரண்டு மூன்று வாரங்களில் இரு முனைகளுக்கும் இடையே நாரும் குருத்தெலும்பும் சேர்ந்து மென்மையான பாலம் அமைக்கின்றன. பின்னர்ச் சுண்ணாம்புச் சத்து படிந்து, அப்பாலம் சில மாதங்களில் வன்மை பெறுகின்றது. அதன்பிறகும் வேலை முடிவதில்லை. வேண்டாத பகுதியை ஒருவகை உயிரணுக்கள் கரைக்க, வேண்டிய பகுதியை வேறொருவகை கட்டுகின்றன. இச்சீரமைப்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நடைபெறும். தோலில் ஆழமான காயம் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்போ பெரும்பாலும் தழும்பின்றிப் புதிய எலும்பாகவே ஆறுகின்றது. வியப்பன்றோ!

பாரம் தாங்கப் பழகுதல்

எலும்பு தான் தாங்கும் பாரத்திற்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கின்றது என்று செருமானிய அறுவை மருத்துவர் யூலியசு வோல்ஃப் 1892-இல் நூலாக எழுதினார். விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் எடையின்றி மிதப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்திற்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அடர்த்தியை இழக்கின்றது. பாரமே இல்லையெனில் எலும்பு மெலியும். அளவுமீறிப் பாரம் ஏற்றினால் புதிய ஒட்டு விரியும். இரண்டுக்கும் இடையேயுள்ள ஒற்றையடிப் பாதையில்தான் நோயாளி நடக்க வேண்டும்.

தசையின் நிலை இன்னும் மோசம். எட்டு வாரம் ஊன்றுகோலில் நடந்தபின், தையல்காரர் நாடாவால் என் கெண்டைக்கால்களை அளந்தேன். வலக்கால் இடக்காலைவிட மூன்று சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. அன்றுமுதல் வாரந்தோறும் அளந்து, ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைப் போலவே எழுதி வைத்தேன். முதலில் நின்றபடி குதிகாலை உயர்த்துதல். பிறகு படி ஏறுதல். ஐந்தாம் மாதம் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து இசைவு தந்தபின், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. உடற்பயிற்சி மருத்துவர் எனக்கு விதித்த விதி ஒன்றே: "வலி உன் நடையை மாற்றினால் நிறுத்திவிடு." நொண்டிக்கொண்டு ஓடுதல் வீரம் அன்று என்பதை அவர் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

ஒட்டாத நரம்பு

எலும்பைப் போலத் தண்டுவடம் ஒட்டுவதில்லை. முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடம் அறுந்தால், எலும்பு ஆறிவிடும். உள்ளே அறுந்த நரம்பு இழைகளோ மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. ஆதலின் அவ்வாறு காயமுற்றவர்க்கு மீட்சி என்பதன் பொருளே வேறு.

கனடா நாட்டு ரிக் ஹான்சன் 1973-இல், தம் 15-ஆம் வயதில், வண்டி விபத்தில் தண்டுவடம் பழுதுற்று இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே விளையாட்டு வீரரானார். புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்சு என்னும் இளைஞரைச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் குழுவிற்கு அழைத்தவரும் இவரே. அந்த ஃபாக்சு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்ட, 1980-இல் செயற்கைக் காலுடன் கனடாவைக் குறுக்கே கடக்க ஓடினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலில் பரவியமையால் நின்றார். அடுத்த ஆண்டு மறைந்தார். நண்பரின் வழியில் ஹான்சன் 1985 மார்ச்சில் புறப்பட்டு, 34 நாடுகளில் 40,000 கிலோமீட்டருக்கு மேல் தம் கைகளாலேயே சக்கரத்தை உருட்டி, 1987 மே மாதம் வான்கூவர் திரும்பினார். தண்டுவட ஆராய்ச்சிக்கும் உடல் ஊனமுற்றோர் நலனுக்கும் 2 கோடியே 60 இலட்சம் டாலர் சேர்ந்தது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், தென்காசிக்கு அருகே ஆய்க்குடி இருக்கின்றது. அவ்வூர் எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் உடற்திறன் சோதனையின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாகல் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். எழுந்து ஓட இயலாத அவர், பிறர் நடமாட வழி செய்தார்.

கேட்க மறந்த கேள்வி

எங்கள் லயத்து அண்ணன் மிளகு பறிக்க மரமேறி, ஏணி சறுக்கி விழுந்தவர். அண்ணியார் கொழுந்தெடுத்துக் குடும்பம் காக்கின்றார். "அண்ணனுக்கு மின்சாரச் சக்கர நாற்காலி வாங்குவோம், அதற்காக ஓடுவோம்" என்று சங்கத்தில் நான்தான் சொன்னேன். அனைவரும் கைதட்டினர். பெருமையோடு அவரிடம் சென்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "தம்பி, உன் காலு ஒட்டிக்கிச்சு. ஓடணும்னு உனக்கு ஆசை, ஓடு. ஆனா நாற்காலிய வச்சுக்கிட்டு நான் எங்க போறது? வாசல்ல நாலு படி இருக்கே, பாக்கலையா?"

பிறந்தது முதல் நான் ஏறி இறங்கிய படிகள்! காலில் கட்டோடு கிடந்த நாட்களில் என்னையே அவற்றில் தூக்கித்தான் இறக்கினர். ஆயினும் அவரை எண்ணியபோது அப்படிகள் என் கண்ணில் படவில்லை. வெட்கத்தால் தலைகுனிந்தேன்.

பிறகு கணக்கிட்டோம். படி ஒன்றுக்கு அரை அடி. நான்கு படிக்கு இரண்டு அடி உயரம். சக்கர நாற்காலிச் சரிவு ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும் என்பது கட்டட நூலார் கூறும் அளவு. ஆக, 24 அடி. வாசலுக்கு நேரே பத்தடி இடந்தான் உண்டு, அப்பால் பள்ளம். சுவரையொட்டிப் பக்கவாட்டில் அமைத்தால், அடுத்த இரண்டு வீட்டார் தங்கள் முற்றத்தில் ஒரு பகுதியை விட்டுத்தர வேண்டும். அண்ணியாரும் என் தாயாரும் சென்று கேட்டனர். இரு வீட்டாரும் இசைந்தனர். தோட்டத்தாரின் அனுமதியும் கிடைத்தது.

ஓட்டமும் கணக்கும்

மலைச்சாலையில் இறங்கி ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தடுக்க வேண்டும். புதிதாகத் தேறிய காலுக்கு அது ஆகாது. ஆதலின் நம் சங்கத்துப் பாலக்காட்டுத் தோழர்களின் ஊராகிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பனைமரங்கள் சூழ்ந்த சமவெளிச் சாலையில் 10 கிலோமீட்டர் என்று முடிவு செய்தோம். வெயிலுக்கு முன்பே விடியலில் புறப்பட்டோம்.

ஏழாவது கிலோமீட்டரில் பழைய முறிவிடம் வலித்தது. என் நடை மாறியது. நன்கொடை தந்தவர்களுக்கு வாக்களித்துவிட்டோமே என்று மனம் தள்ளியது. மருத்துவரின் விதியும், பாதிவழியில் நின்றும் நாட்டையே எழுப்பிய ஃபாக்சின் நினைவும் ஒருங்கே வந்தன. நின்றேன். மீதி மூன்று கிலோமீட்டரை நடந்தே முடித்தேன். ஒருவரும் தம் நன்கொடையைக் குறைத்துக்கொள்ளவில்லை.

செலவு போகச் சேர்ந்த தொகையில் சரிவும் கைப்பிடியும் கட்டி, கழிப்பறைக் கதவை அகலமாக்கி, படுக்கைப்புண் வாராமல் காக்கும் மெத்தை ஒன்றும் வாங்கினோம். ஒரே பக்கம் நெடுநேரம் படுத்திருப்பவர்க்கு அப்புண்ணே பெரும்பகை. கணக்கை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். இன்று அண்ணன் தம் பழைய கையுருட்டு நாற்காலியிலேயே சாலைவரை வருகின்றார். அங்கே ஒரு பெட்டிக்கடை வைக்கும் எண்ணமும் அவருக்கு உண்டு.

தோழர்களே! இவ்வாண்டும் ஓட்டம் உண்டு. அடிபட்டுத் தேறியவர்கள் மருத்துவரின் இசைவு பெற்று, மெல்லப் பழகி வாருங்கள். ஓட இயலாதவர்கள் நடக்கலாம். நடக்க இயலாதவர்கள் கணக்கு எழுதலாம். யாருக்காக ஓடப்போகின்றோம் என்பதைச் சங்கம் முடிவு செய்தவுடன், காலணி வாங்கக் கடைக்குப் போகுமுன், இருவர் மலையேறி அவர் வீட்டுக்குச் சென்று, "என்ன வேண்டும்?" என்று கேட்டு வருவோம்.