மணமில்லா நஞ்சு

கேள்வி: கட்டடத்துக்குள் கார்பன் மோனாக்சைடு பரவினால் தீயணைப்பு வீரர்கள் என்ன செய்வார்கள்?

பதில்: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது உருவாகும் இந்த வாயு, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைகிறது.

குளிர்காலத்தில் எரிவாயு அடுப்புலையால் வீடுகளைச் சூடாக்கும் அமெரிக்காவில், எச்சரிக்கைக் கருவி ஒலித்ததும் தீயணைப்புப் படை வருகிறது. முதல் வேலை, வீட்டாரை வெளியேற்றுவது. அடுத்து தலைவலி, குமட்டல், மயக்கம் உண்டா என்று விசாரிப்பார்கள். அறிகுறி உள்ளவருக்கு உடனே முகமூடி வழியே ஆக்சிஜன். விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டரை இங்கே நம்பக் கூடாது. நச்சேறிய ரத்தத்தையும் அது இயல்பானதாகவே காட்டும்.

வெளிக்காற்றில் அளவுமானியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வாசலிலிருந்தே அளந்தபடி வீரர்கள் நுழைகிறார்கள். 10 லட்சத்தில் 35 பங்கு என்பது பல படைகளின் எல்லை; அதைத் தாண்டினால் முதுகில் காற்று சிலிண்டருடன் கூடிய சுவாசக் கருவி அவசியம். உள்ளே யாரும் இல்லையென்றால் சன்னல்களை உடனே திறப்பதில்லை. திறந்தால் வாயு கலைந்து, அது எங்கிருந்து வந்தது என்பது மறைந்துவிடும். அடுப்புலை, வெந்நீர்க் கொதிகலன், கார் நிறுத்தும் அறை, ஜெனரேட்டர் என ஒவ்வொன்றாகச் சோதித்து, மூலத்தை அணைத்து, காற்றோட்டம் தந்து, மறுபடி அளந்து பார்த்த பிறகே வீட்டார் உள்ளே அனுமதிக்கப்படுகிறார்கள்.