தனிப்பட்டா கேட்கும் முன் தாத்தாவின் பத்திரத்தை எடுங்கள்

கேள்வி: திருவண்ணாமலை பே கோபுரத் தெருவுக்குப் பக்கத்தில் 1962-இல் தாத்தா வாங்கிய வீடு இருக்கிறது. உயில் எழுதாமல் 1987-இல் இறந்துவிட்டார். பாட்டியும் இப்போது இல்லை. பட்டா, அப்பா பெயரிலும் சித்தப்பாக்கள் இருவர் பெயரிலும் கூட்டாக உள்ளது. ஒரு சித்தப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். அத்தை ஒருவர், 1970களிலேயே கல்யாணமாகிப் போனவர். எங்கள் பங்கில் கிரிவலம் வருவோர் தங்க நாலு அறை கட்ட ஆசை. தனிப்பட்டா இல்லாமல் கடன் கிடையாது என்கிறது வங்கி. தாலுகா ஆபீசில் மனு கொடுத்தால் பிரித்துத் தருவார்களா, ஐயா?

வாசகர், திருவண்ணாமலை

பதில்: தரமாட்டார்கள் தம்பி. பட்டாவைப் பிரிப்பது வேறு, பாகம் பிரிப்பது வேறு. பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் அதிகாரம் தாசில்தாருக்கு இல்லை. பங்கில் தகராறு என்று தெரிந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார். முதலில் பத்திரம், பிறகுதான் பட்டா.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அத்தைதான். பட்டாவில் பெயர் இல்லை என்பதால் அவருக்குப் பங்கு இல்லை என்று வீட்டில் முடிவு கட்டியிருப்பீர்கள். 1989-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் அதற்கு முன் மணமான பெண்களுக்குப் பொருந்தாது என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தச் சட்டம் பேசியது பூர்வீகச் சொத்தை. உங்கள் தாத்தா சொந்தக் காசில் வாங்கியிருந்தால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே போதும். உயில் இல்லாமல் இறந்தவரின் மகனும் மகளும் சரிசமம், கல்யாணம் எப்போது நடந்திருந்தாலும். பாட்டியின் பங்கும் அவர் உயில் எழுதாதவரை பிள்ளைகளுக்கே வருவதால், கணக்கு நாலில் ஒன்று. மூன்றில் ஒன்று அல்ல. அத்தையை விட்டுவிட்டு மூன்று பேர் கையெழுத்தில் பத்திரம் பதிந்து, அதன்மேல் கடன் வாங்கிக் கட்டடமும் எழுப்பிய பிறகு அவரோ அவர் பிள்ளைகளோ வழக்குப் போட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அவர் பங்கு வேண்டாம் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து தரட்டும். வாய்வார்த்தை உதவாது. கிரிவலக் கூட்டத்தால் மனை விலை ஏறிய ஊரில் அவர் வேண்டாம் என்பாரா என்பது வேறு விஷயம்.

அடுத்து, கோயிலைச் சுற்றிய தெருக்களில் அவசியம் பார்க்க வேண்டியது. 1962 பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். தாத்தா வாங்கியது மனையும் கட்டடமுமா, மேல்கட்டடம் மட்டுமா? அடிமனை வாடகை ரசீது ஏதாவது பழைய பெட்டியில் கிடக்கிறதா? அடிமனை கோயிலுடையது என்றால், நால்வரும் ஒன்றுகூடிப் பாகம் பிரித்தாலும் மண் உங்களுடையது ஆகாது. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி ஆணையர் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்க முடியாது. எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் அனுபவ உரிமை கோர 109-வது பிரிவு இடம் தராது. குத்தகைதாரர் அடிமனையை விலைக்குக் கேட்க வழிசெய்த 1921-ஆம் ஆண்டுச் சட்டமும் 1996-இல் வந்த திருத்தத்துக்குப் பின் கோயில் நிலங்களுக்குச் செல்லாது. ஆகவே நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வில்லங்கச் சான்றையும் வாங்கி, அந்த சர்வே எண் கோயில் நிலப் பட்டியலில் இல்லை என்பதை உறுதி செய்த பிறகு பத்திரம் எழுதுபவரிடம் போங்கள்.

மண் உங்களுடையதுதான் என்று தெரிந்துவிட்டால் மீதி அலைச்சல்தான், சிக்கல் இல்லை. வாரிசுச் சான்றிதழோடு நால்வரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்தியபடி ஒரு பங்குக்கு உச்சவரம்பு முறையே 40,000 ரூபாய், 10,000 ரூபாய். சிங்கப்பூர் சித்தப்பா இதற்காக விமானம் ஏற வேண்டாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், பலர் கோட்டை விடும் இடம் இது. பத்திரத்தில் நாலு எல்லையும் அளவும் வரைபடத்தோடு இருக்கட்டும். பிறகு உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு மனு. சர்வேயர் வந்து அளந்தால்தான் புது உட்பிரிவு எண்ணும் தனிப்பட்டாவும்.

மனையின் அகலத்தை நீங்கள் எழுதவில்லை. பழைய தெருக்களில் முகப்பு குறுகலாகவும் வீடு நீளமாகவும் இருக்கும். நாலாகக் கிழித்தால் யாருக்கும் ஓர் அறைகூட உருப்படியாக நிற்காது. அப்படியானால் ஒருவர் முழுவதையும் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்குவதே நல்லது. அங்கே உட்பிரிவும் தேவையில்லை, பெயர் மாற்றம் மட்டுமே. ஒத்துவராமல் கோர்ட்டுக்குப் போனால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி ஏலம்வரை போகலாம். அதில் வெளியாள் வாங்கவும் கூடும். உங்கள் சித்தப்பாக்களிடம் இதையும் சொல்லிவையுங்கள். பேச்சு சீக்கிரம் முடியும்.