மச்சான் வீட்டில் தங்கிப் பாரீஸைப் பார்ப்பது எப்படி?

புதுச்சேரியை அடுத்த பாகூர் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கிறார் என்றால் அது மிகை. தெருவுக்கு ஒருவர் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று பாரீஸின் வடக்குப் புறநகர்களில் இருக்கிறார்கள். எழுதிக் கொடுக்காதவர்களின் பிள்ளைகள் நெல்லையும் கரும்பையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறோம். என் மனைவி குடும்பம் முதல் வகை, சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு. என் குடும்பம் இரண்டாம் வகை.

ஆகவே 2025 ஜூனில் நாங்கள் இருவரும் பாரீஸ் போனபோது ஓட்டல் தேடும் வேலை இல்லை. மச்சான் வீடு வடக்குப் புறநகரான லா கூர்நேவில். இதில் வசதி உண்டு, ஆபத்தும் உண்டு. ஆபத்து என்று நான் சொல்வது அன்பைத்தான். இன்று சித்தி வீடு, நாளை பெரியப்பா வீடு, மறுநாள் ஊர்க்காரர் ஒருவர் வீடு. எல்லா வீட்டிலும் கோழிக்குழம்பு, வடை, கல்யாண ஆல்பம். எங்கள் ஊரிலிருந்து போய்வந்த பலரைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பார்த்த பாரீஸ், நாலைந்து வரவேற்பறைகளும் கார் கண்ணாடி வழியாகத் தெரிந்த ஈஃபிள் கோபுரமும்தான்.

இறங்கிய இரவே மச்சான் ஆரம்பித்துவிட்டார். “மாமா, நீங்க எங்கயும் தனியாப் போவாதீங்க. சனிக்கிழமை நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்.” நாங்கள் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை வரைக்கும் என்ன செய்வது, தொலைக்காட்சியில் தமிழ் சீரியல் பார்ப்பதா? என் மனைவிதான் தம்பிக்குப் பதில் சொன்னாள்: “நீ வேலைக்குப் போ. எங்களுக்கு வழி மட்டும் சொல்லு.” பயணத்தில் எடுத்த நல்ல முடிவு அதுதான். வாரநாள் உங்களுக்கு, ஞாயிறு உறவுக்கு என்று முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். ஞாயிறு அன்று அங்கே பல கடைகள் அடைத்திருக்கும், விருந்துக்குப் பொருத்தமான நாள்.

விசா விஷயம் சுருக்கமாக. உறவினர் வீட்டில் தங்குவதென்றால், அவர் தன் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) முத்திரைக் கட்டணம் (2025-ல் 30 யூரோ) கட்டி ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற தங்க வைக்கும் சான்றிதழ் வாங்கி, அசலை நமக்கு அனுப்ப வேண்டும். சில மேரிகளில் வாரக்கணக்கில் ஆகும், எனவே அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாக் கட்டணம் 90 யூரோ.

இனி முதல் காலை. கோடையில் அங்கே நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். நாம் ஊரில் ஏழரைக்கு எழுந்து பழகியிருந்தால் அங்கே விடிகாலை நாலு மணிக்கே விழித்துக்கொள்வோம். தூங்க முயன்று புரளாமல் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஏழு மணிக்கு முன்பே நாங்கள் தெருவில் இருந்தோம், ரொட்டிக் கடைக்கு.

அந்தக் கடையில் நின்ற பத்து நிமிடம் எனக்குப் பெரிய பாடம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கட்டடத் தொழிலாளி, ஒரு பாட்டி, பையோடு ஒரு பள்ளிக்கூடப் பையன். ஒவ்வொருவரும் முறை வந்ததும் முதலில் “போன்ழூர் மதாம்” என்கிறார்கள். கடைக்காரம்மா திருப்பிச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் என்ன வேண்டும் என்ற பேச்சு. பையன்கூட அப்படித்தான். இந்த ஒரு வார்த்தை இல்லாமல் விரலை நீட்டி “அது ஒன்று” என்றால், அந்த ஊரில் அது மரியாதைக் குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று குறை சொல்கிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லாமல் விட்டவர்களாகத்தான் இருப்பார்கள். பேருந்து ஓட்டுநரிடம், காவலாளியிடம், கழிவறை வாசலில் இருக்கும் அம்மாவிடம், எல்லாரிடமும் சொல்லுங்கள். மற்றதை ஆங்கிலத்தில் சமாளிக்கலாம்.

சும்மா ‘பகெத்’ என்று கேட்காமல் ‘த்ரதிசியோன்’ என்று கேளுங்கள். செயற்கைச் சேர்மானம் எதுவும் இல்லாமல் மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பு கொண்டு செய்ய வேண்டும் என்று 1993-ல் அதற்கு அரசாணையே போட்டிருக்கிறார்கள். விலை ஒரு யூரோ சொச்சம். என் மனைவி கையில் வாங்கியதும், “ஏங்க, வெறகுக்கட்டை மாதிரி இருக்கே, இத எப்படிக் கடிக்கிறது?” என்றாள். வீடு வந்து சேர்வதற்குள் பாதியைக் காணோம். கடித்தது நான் மட்டும் இல்லை.

அடுத்து பயண அட்டை. நவிகோ வார அட்டை திங்கள் தொடங்கி ஞாயிறோடு முடிகிறது. நீங்கள் எந்த நாளில் வாங்கினாலும் ஏழு நாள் கணக்கு கிடையாது. அதனால் ஞாயிறு இரவோ திங்கள் காலையோ போய் இறங்கும்படி விமானச் சீட்டு எடுப்பது லாபம். 2025-ல் வார அட்டை 31.60 யூரோ, மெட்ரோ ஒற்றைச் சீட்டு 2.50, விமான நிலையச் சீட்டு மட்டும் 13. வாரத்தில் பதின்மூன்று முறை மெட்ரோ ஏறினாலே போட்ட காசு வந்துவிடும். விமான நிலையமும் வெர்சாயும்கூட அதிலேயே அடக்கம். ஆண்டுதோறும் ஜனவரியில் விலையை ஏற்றுவார்கள், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைக்குத் தனியாக 5 யூரோ, ஒட்டுவதற்குச் சிறிய புகைப்படம் ஒன்றும் வேண்டும். ஊரிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: ஆளுக்கு ஒரு அட்டை. ‘புருஷன் பெண்டாட்டி ஒரே அட்டை’ என்ற கணக்கெல்லாம் அந்தத் தடுப்புக் கதவிடம் செல்லாது, பரிசோதகரிடமும் செல்லாது.

மெட்ரோவில் இன்னொரு சங்கதி, படிக்கட்டு. பழைய நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் பேருந்தைப் பிடிப்பது நல்லது, ஊரும் கண்ணில் படும். 69-ம் எண் பேருந்து ஈஃபிள் கோபுரத்துப் பக்கத்திலிருந்து லூவ்ர், பாஸ்தீய் வழியாகக் கிழக்கே போகிறது. சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

முதலில் எங்கே போவது? எல்லாரும் கோபுரம் என்பார்கள். நாங்கள் போனது ஒரு நூலகத்துக்கு. இதில் பாகூர்க்காரன் என்ற பிடிவாதம் கொஞ்சம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் உண்டு. அவை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், பாரீஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. செப்பேட்டைப் பார்க்கும் ஆசையில் நாங்கள் போகவில்லை, அது ஆராய்ச்சியாளர்கள் வேலை. அந்த நூலகத்தின் பழைய கட்டடத்தைப் பார்க்கப் போனோம்.

லா கூர்நேவில் 7-ம் எண் மெட்ரோ தொடங்குகிறது. மாறாமல் உட்கார்ந்திருந்தால் பலே ரொயால் நிலையம் வந்துவிடும். அரண்மனைத் தோட்டத்துக்குள் நடந்து போனால் ரிஷெலியு தெரு. பல ஆண்டு பழுதுபார்ப்புக்குப் பிறகு 2022-ல் திறந்த அந்தக் கட்டடத்தில், முட்டை வடிவத்தில் ஒரு பெரிய வாசிப்பறை இருக்கிறது. பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள், கட்டணம் கிடையாது, உறுப்பினர் அட்டையும் கேட்கவில்லை. தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை, சுற்றிலும் மாடி மாடியாகப் புத்தகம். படிக்க வந்த மாணவர்களுக்கு நடுவே நாங்களும் உட்கார்ந்தோம். என் மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை மெல்ல அமுக்கிக்கொண்டாள். ஈஃபிள் கோபுரத்து வரிசையில் இந்த சுகம் கிடைக்காது.

கோபுரத்துக்கும் போனோம். மின்தூக்கிச் சீட்டை 60 நாளுக்கு முன்பே இணையத்தில் திறந்துவிடுகிறார்கள், உச்சிக்குப் போக ஆசையிருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள். இரண்டாம் தளம் வரை 674 படி, தெம்புள்ளவர்கள் ஏறலாம். என் கருத்தில் கோபுரத்தின் மேல் நின்றால் கோபுரம் தெரியாது. ஆற்றுக்கு அக்கரையில் த்ரொக்கதேரோ மேட்டிலிருந்து காசில்லாமல் பார்ப்பதே அழகு. ஜூனில் இருட்டப் பத்து மணி தாண்டிவிடும், விளக்கு பார்க்கப் போகிறவர்கள் சாயங்காலம் ஒரு தூக்கம் போட்டுக்கொண்டு போகவும்.

விடுமுறை நாள்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். லூவ்ரும் கிமே அருங்காட்சியகமும் செவ்வாய் விடுமுறை. ஒர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள். லூவ்ர் புதன், வெள்ளி இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், நாங்கள் புதன் சாயங்காலம் போனோம். அப்போது 22 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 32 ஆக்கிவிட்டார்கள். ஒரு இடத்துக்குத்தான் காசு என்றால் நான் கிமேவைச் சொல்வேன். சோழர் கால நடராசர் முன்னால் கூட்டம் இல்லாமல் நிற்கலாம். நம் ஊர்க் கோயில் சாமியை இங்கே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களே என்ற வருத்தமும் கூடவே வரும், அது தனிக் கட்டுரைக்கான விஷயம். நோத்ர தாம் கோயிலுக்குக் கட்டணம் இல்லை. 2019 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள், கல் புதிதாக வெளுத்துக் கிடக்கிறது.

லா ஷப்பேல் பக்கம் போகாமல் நம்மவர் யாரும் திரும்புவதில்லை. கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டி, முக்கால்வாசி ஈழத்தமிழர் கடைகள். கொத்து ரொட்டிச் சத்தம், நகைக்கடை, தமிழ்ப் பலகைகள். பக்கத்தில் பழோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில், 1985-ல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசியில் தேர். வில்லியனூர்த் தேரைப் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்து இழுத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பாரீஸ் தெருவில் பிள்ளையார் தேர் ஓடுவது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் முதல் நாளே அங்கே போகாதீர்கள். நாக்கு அங்கேயே தங்கிவிடும். இரண்டு மூன்று நாள் வெண்ணெயும் ரொட்டியும் தின்ற பிறகு போனால்தான் அந்த சாம்பாருக்கு மதிப்பு.

செலவைக் குறைக்க: மனைவி கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடலாம், அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். உணவகத்தில் ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம், குடிக்க நல்ல தண்ணீர். தெருவோரப் பச்சை நிற வாலஸ் நீரூற்றில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். தெருக் கழிவறைகளும் இலவசம்தான். பணப்பையைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள், மெட்ரோ கதவருகே கைப்பேசியை எடுக்காதீர்கள், கோபுரத்தடியில் கையெழுத்துக் கேட்டு வரும் பெண்களிடம் நிற்காதீர்கள். வெயிலையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அந்த ஜூன் கடைசியில் அனல் அடித்து, ஜூலை தொடக்கத்தில் கோபுரத்தின் உச்சியையே மூடினார்கள். பாகூர் வெயிலில் வளர்ந்த நாங்கள் மின்விசிறி இல்லாத வீட்டில் புழுங்கிப் போனோம்.

கடைசியாக, அங்கே இருக்கும் நம் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து அக்காவும் மாமாவும் வந்தால் வீட்டுச் சாவி ஒன்றைக் கையில் கொடுங்கள், நவிகோ அட்டை வாங்கும் இடத்தைக் காட்டுங்கள், வாசல் கதவைத் திறக்கும் எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தாருங்கள். விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.