கயிற்றுக்கும் ஊர்திக்கும் இடையே

சேலம், நாமக்கல் சமவெளியில் கிணறு வெட்டுதல் என்பது பெரும்பாலும் பாறையை உடைத்து இறங்குதலே. மல்லசமுத்திரத்தைச் சுற்றியுள்ள மேட்டுக்காடுகளிலும் இத்தகைய ஆழ்ந்த கிணறுகளைக் காணலாம். நீர் வற்றிய கிணற்றின் அடியில் சில வேளைகளில் உயிர்வளி குறைந்துவிடும். தூர்வார இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்கி விழுவதே இவ்விபத்தின் கொடுமை. விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். சுடர் அணைந்தால் இறங்கமாட்டார்கள். ஆனால், கிணற்றுக்குள் ஓடிய டீசல் எஞ்சின் விட்டுச்செல்லும் கார்பன் மோனாக்சைடைச் சுடர் காட்டிக்கொடுக்காது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

101ஐ அழைத்தால் தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறையினர் வருவர். மூச்சுக்கருவி அணிந்து கயிற்றில் இறங்குவர். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஊர்தியில் ஓட்டுநருடன் அவசரகால மருத்துவ உதவியாளர் வருவார். வகுப்பறை, மருத்துவமனை, ஊர்தி என மூன்றிடத்தும் ஏறத்தாழ 50 நாள் பயின்றவர் அவர். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் தீயணைப்பு வீரரே மருத்துவ உதவியாளராகவும் பயிற்சி பெற்றிருப்பார். நம் நாட்டில் இவை இரு வேறு பணிகள். இரண்டு ஊர்திகளும் ஒரே நேரத்தில் வந்துசேரும் என்று எதிர்பார்க்க இயலாது.

இதயம் நின்றபின் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை கேடுறத் தொடங்கும். ஆதலால், கயிற்றை இழுக்கும் கைகளே முதலுதவியையும் அறிந்திருத்தல் வேண்டும். மயங்கியவரைக் கடினமான தரையில் மல்லாத்திக் கிடத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பதித்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையவும் கூடாது, 6 செ.மீ.ஐ மிஞ்சவும் கூடாது. 30 அழுத்தத்திற்கு 2 மூச்சு. படிக்க எளிது, பயிற்சிப் பொம்மையின் மேல் செய்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தோள் தளர்ந்துவிடும். அதனால்தான் ஆள் மாற்றி அழுத்தவும் பழக்குகிறார்கள்.

கிணற்றில் தவறி விழுந்தவரை மீட்பது வேறுவகை. முதுகெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால், தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் அசையாதிருக்கப் பலகையில் கட்டியே மேலேற்றுவர். அடியில் நச்சுக்காற்று இருந்தாலோ இப்பொறுமைக்கு இடமில்லை. விரைந்து வெளிக்காற்றுக்குக் கொண்டுவருதலே முதற்கடன். இரண்டில் எதை முன்வைப்பது என்பதை அரை இருட்டில், ஒரு நொடியில் முடிவுசெய்ய வேண்டும். இரு துறையினரும் ஒருங்கே பயில வேண்டுவது இதற்காகவே.

108 ஊர்தி வந்ததும் பொறுப்பு கைமாறும். எப்போது மேலேற்றினீர்கள், மூச்சு இருந்ததா, எத்தனை நிமிடமாக அழுத்துகிறீர்கள் என்று மருத்துவ உதவியாளர் கேட்பார். தீயணைப்பு வீரர், அழுத்தும் கையை நிறுத்தாமலேயே விடை கூறுவார்.