நம்ம குழுவில் நாலாவது மொழி



நம்ம ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரே குழுவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குது. ஒருவருக்குப் புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். ஆனால் காது கேளாத உறுப்பினருக்கு? யாருக்குக் கடன், எவ்வளவு வட்டி என்று நாமே பேசி முடித்து, தீர்மான நோட்டை நீட்டிக் கையெழுத்து மட்டும் வாங்குகிறோம். இது நியாயமா?

பின்லாந்து நாட்டுப் பாடகர் சைன்மார்க்கைப் பாருங்கள். 1978-ல் பிறந்தவர், பிறவியிலேயே காது கேளாதவர். திருவிழாவில் மேளம் அடித்தால் நம் நெஞ்சு அதிருமே, அப்படி அதிர்வை உடம்பில் உணர்ந்து, தாளத்தோடு கைகளால் சைகை மொழியில் பாடினார். அதே பாட்டை உடனிருப்பவர் வாயால் பாடினார். கேட்பவரும் கேளாதவரும் சேர்ந்து ரசித்தார்கள். 2009-ல் வார்னர் என்ற பெரிய இசைக் கம்பெனி அவரோடு ஒப்பந்தம் போட்டது.

காது கேளாதவர்களைக் குறையுள்ளவர்களாகப் பார்க்காதீர்கள், வேறு மொழி பேசுகிறவர்களாகப் பாருங்கள் என்பதே அவர் கருத்து.

நம் நாட்டில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியை ஏற்கிறது. டெல்லியில் உள்ள அரசு சைகை மொழி மையம் 2021-ல் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி வெளியிட்டது. செல்போனிலேயே பார்க்கலாம்.

குழுவில் செய்வோம்:

1. எல்லார் முகமும் கையும் தெரிய, வெளிச்சத்தில் வட்டமாக உட்காருவோம்.
2. பணம், கடன், வட்டி, வேண்டும், வேண்டாம் ஆகியவற்றுக்குச் சைகை கற்போம். அந்தச் சகோதரிக்குத் தெரிந்தால் அவரே நமக்கு டீச்சர்.
3. அவர் கருத்தைக் கேட்ட பிறகே தீர்மானம் எழுதுவோம்.

மூன்று மொழி பழகிய நமக்கு நாலாவது பாரமா என்ன?