ஒரு வேகத்துக்கு இரண்டு எண்கள்

உங்களுக்கு ஒரு புதிர்.

என் நண்பர் ஒருவரிடம் ஒரு கார் இருக்கிறது. அதன் வேகத்தை அறிய அவர் தலையைக் குனிய வேண்டியதில்லை. முன்கண்ணாடிக்கு அப்பால், சாலையின் மேல் மிதப்பது போல 60, 65 என்று எண்கள் ஒளிரும். ஒரு நாள் லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல் பட்டு முன்கண்ணாடி விரிந்துவிட்டது. வேறு கண்ணாடி மாற்றினார். அன்று இரவே ஒரு வேடிக்கை! 60 என்ற எண்ணுக்குச் சற்று மேலே, அதன் ஆவி போல மங்கலாக இன்னொரு 60! பட்டறையில் காட்டினார். "டிஸ்ப்ளே பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். பெருந்தொகை கொடுத்து மாற்றினார். அப்போதும் இரண்டு 60தான்!

கோளாறு எங்கே? விடை உங்கள் பௌதிகப் பாடத்தில் இருக்கிறது.

முதலில் இக்கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இதற்கு ஹெட்-அப் டிஸ்ப்ளே என்று பெயர். தலை நிமிர்ந்தபடியே பார்க்கும் காட்சி என்று பொருள். போர் விமானங்களிலிருந்து வந்த இக்கருவியை, 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஆல்ட்ஸ்மொபீல் காரில் பொருத்தியது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். வேகமானியைக் குனிந்து பார்க்க அரை விநாடி ஆனாலும், 8 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே கடக்கிறோம்.

இரவு ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்களா? பெட்டிக்குள் எரியும் விளக்கு வெளியே வயல்வெளியில் தொங்குவது போலத் தெரியும். சன்னல் கண்ணாடி ஒளியில் ஒரு பகுதியை எதிரொளித்து உண்டாக்கும் மாய பிம்பம் அது. காரிலும் இதே கதைதான். ஸ்டியரிங்குக்கு முன்னால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் பெட்டியில் எண்கள் ஒளிர்கின்றன. வளைந்த ஆடி ஒன்று அவ்வொளியை மேல்நோக்கி அனுப்புகிறது. சாய்ந்திருக்கும் முன்கண்ணாடி அதை டிரைவரின் கண்ணுக்குத் திருப்புகிறது. பிம்பம் டிரைவரிடமிருந்து இரண்டு மீட்டருக்கும் அப்பால் தெரியுமாறு ஆடியின் வளைவை அமைத்திருப்பார்கள்.

ஆகவே முன்கண்ணாடியும் இக்கருவியின் ஓர் உறுப்பே. பட்டறைக்காரர்கள் மறந்தது இதைத்தான்.

இனி நாமே சோதிப்போம். எண்களே தெரியாவிட்டால் உடனே திருகாணியைத் தேடாதீர்கள். வெயிலுக்காகப் போட்ட கறுப்புக் கண்ணாடியை முதலில் கழற்றிப் பாருங்கள். முன்கண்ணாடியில் ஒளி ஏறக்குறைய 60 பாகை கோணத்தில் சாய்வாக விழுகிறது. கண்ணாடியின் பிரூஸ்டர் கோணமான 56 பாகைக்கு இது மிக அருகில் இருப்பதால், எதிரொளிக்கும் ஒளியின் அதிர்வுகள் பெரும்பாலும் கிடைமட்டமாகவே இருக்கும். போலராய்டு கண்ணாடி தடுப்பதும் அந்த அதிர்வுகளைத்தான். தலையைத் தோள்மேல் சாய்த்தால் எண்கள் மெல்லத் திரும்பி வருகின்றனவா? அப்படியானால் காரில் கோளாறு ஒன்றும் இல்லை!

எண்ணின் மேல்பாதியோ கீழ்ப்பாதியோ வெட்டுப்பட்டிருந்தால் இருக்கை உயரத்தையும், பிம்பத்தை ஏற்றி இறக்கும் பொத்தானையும் கவனியுங்கள். ஒளி ஒரு சிறு சன்னல் அளவுக்கே வருகிறது. கண் அதற்குள் இருக்க வேண்டும். எண்கள் மங்கலாக இருந்தால் டாஷ்போர்டின் மேலுள்ள மூடியில் தூசு படிந்திருக்கலாம். மென்மையான துணி போதும். இவை எதிலும் சரியாகாவிட்டால்தான் ஃபியூஸ், மின்கம்பி என்று போக வேண்டும்.

நம் புதிருக்கு வருவோம். எண் இரண்டாகத் தெரிவதற்கு நம் கண்ணே காரணமாக இருக்கலாம். விரலை முகத்துக்கு முன் நிறுத்தித் தொலைவிலுள்ள மரத்தைப் பாருங்கள்; விரல் இரண்டாகும். ஆனால் அவை பக்கவாட்டில் இரண்டாகும். ஒரு கண்ணை மூடினால் ஒன்று மறையும். என் நண்பருக்கோ ஒரு கண்ணை மூடியும் இரண்டு எண்கள். அதுவும் ஒன்றன்மேல் ஒன்று. எனவே கண் குற்றவாளியல்ல. பெட்டியும் அல்ல, புதுப் பெட்டியிலும் அதே காட்சிதானே!

எஞ்சியது கண்ணாடி. காரின் முன்கண்ணாடி ஒற்றைத் தகடு அல்ல. ஏறக்குறைய 2 மி.மீ. கனமுள்ள இரு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்து ஒட்டியிருப்பார்கள். உடைந்தாலும் சில்லுகள் முகத்தில் தெறிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. படலத்தின் ஒளிவிலகல் எண் கண்ணாடியினுடையதை நெருங்கி இருப்பதால் நடுவில் எதிரொளிப்பு அநேகமாக இல்லை. ஆனால் காரின் உட்பக்கம் ஒரு பரப்பு, வெளிப்பக்கம் ஒரு பரப்பு. இரண்டும் எதிரொளிக்கும்!

கணக்குப் போடுவோம். மொத்தக் கனம் 5 மி.மீ., படுகோணம் 60 பாகை, ஒளிவிலகல் எண் 1.5 எனக் கொள்ளுங்கள். ஸ்நெல் விதிப்படி விலகுகோணம் 35 பாகைக்குச் சற்று அதிகம். திரும்பி வரும் இரு கதிர்களுக்கும் இடைவெளி = 2 × 5 × டேன் 35.3 × காஸ் 60. விடை ஏறக்குறைய மூன்றரை மி.மீ. இது பெரிதா? நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். இரண்டு மீட்டர் தொலைவில் அது 0.6 மி.மீ. அளவுதான். மூன்றரை மி.மீ. தெரியாமல் எப்படி இருக்கும்? இரண்டாவது பிம்பத்தின் ஒளிர்வும் முதலாவதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கும்.

அப்படியானால் பழைய கண்ணாடியில் ஏன் தெரியவில்லை? இங்குதான் பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம். இக்கருவி உள்ள கார்களில், நடுப்படலத்தைக் கீழே மெல்லியதாகவும் மேலே சற்றுத் தடித்ததாகவும் ஆப்பு வடிவில் அமைக்கிறார்கள். வித்தியாசம் மிகச் சிறிது. ஒரு மீட்டர் நீளத்துக்கு அரை மி.மீ. அளவு. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் வெளிப்பரப்பு அந்தச் சிறிதளவு திரும்பியிருப்பதால், இரண்டாவது பிம்பம் முதலாவதன் மேலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. நண்பருக்கு மாட்டியது ஆப்பு இல்லாத சாதாரணக் கண்ணாடி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், விலைதான் வேறு.

இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். கனமான கண்ணாடித் துண்டு ஒன்றை மேசைமேல் படுக்க வைத்து (விளிம்பு கையைக் கிழிக்கும், கவனம்!) எதிரே எரியும் மெழுகுவர்த்தியின் பிம்பத்தைச் சாய்வாகப் பாருங்கள். இரு சுடர்கள் தெரியும். இப்போது கண்ணாடியின் அடிப்பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அழுத்தி ஒட்டுங்கள். ஒரு சுடர் அநேகமாக மறைந்துவிடும்.

நானும் இதைத்தான் செய்தேன். காரை நிறுத்தி வைத்து, முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் எண்கள் தெரியும் இடத்தில் இரண்டங்குல டேப்பை ஒட்டினேன். மேலிருந்த 60 மறைந்தது. கீழிருந்த 60 அப்படியே நின்றது. நண்பர் மறுபேச்சின்றிச் சரியான கண்ணாடியைத் தருவித்து மாற்றினார். பிறகு, கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய பெட்டியையும் ஒரு நாள் பொருத்திப் பார்த்தோம். எண்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன, ஒற்றையாக!